ராகு காலத்துக்கு முன் வெளியேறிய லோரிகள்

போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் நான் வேலை பார்த்த கொள்கலன் கிடங்கில் இரண்டு கணினிகள் இருந்தன. வாசலில் இருந்தது, எந்த லோரி உள்ளே வந்தது, எந்த லோரி வெளியே போனது என்று எழுதிக்கொண்டிருக்கும். எடை மேடையில் இருந்தது, எந்த லோரி எப்போது நிறுக்கப்பட்டது, எடை என்ன என்று எழுதும். இரண்டும் யூனிக்ஸ் இயந்திரங்கள். ஒன்று எழுதுவது மற்றதற்குத் தெரியாது. இப்படி வரிவரியாக நீண்டுகொண்டே போகும் கோப்பை லாக் என்போம். அதை யாரும் படிப்பதில்லை. வட்டில் இடம் நிறைந்துபோனால் பழைய வரிகளைக் காந்த நாடாவில் ஏற்றிவிட்டு அழிப்பது கணினி அறையில் இருந்த என் பொறுப்பு. எதையும் அழிக்க மனம் வராதவனுக்குத்தான் அந்த வேலை வாய்த்திருந்தது. நாடாக்களை வாங்கிக்கொண்டே இருந்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. கிள்ளான் தடத்தில் மின்சார ரயில் புதிதாக ஓடத் தொடங்கியிருந்த சமயம். பிரிக்பீல்ட்ஸ் வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு நடந்துபோய் ஏறினால் கடைசி நிறுத்தத்தில் இறங்குவேன். நடுவில் ஒரு நாளிதழும் ஒரு புத்தகத்தில் பாதி அத்தியாயமும் முடிந்திருக்கும். சரியான தேதிகள் என்னிடம் உண்டு. படிக்கிற காலத்திலிருந்து தினமும் நாலு வரி எழுதி வைக்கிற ஆள் நான். ஆனால் இதில் வருகிறவர்களை இன்றும் கிள்ளான் கடைத்தெருவில் பார்க்கலாம் என்பதால் தேதிகளை விட்டுவிடுகிறேன். கிழமைகளை மட்டும் விட முடியாது. நடந்தது எல்லாமே கிழமையைப் பொறுத்தது.

பகல் ஷிப்டில் வாசல் கூண்டில் உட்கார்ந்திருந்தவரை டிரைவர்கள், காவலாளிகள், மேனேஜர் எல்லாருமே கேட் அக்கா என்றுதான் சொல்வார்கள். கிள்ளானில் வீடு. கணவர் துறைமுகத்தில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர். முதுகு பிடித்துக்கொண்டு வீட்டோடு இருந்தார். மூன்று பிள்ளைகளும் படித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வீடு அக்காவின் வேலையில்தான் நின்றது என்பது கிடங்கில் எல்லாருக்கும் தெரியும். அவர் அதைச் சொல்லிக்கொண்டதில்லை. டிரைவர்களை அதட்டுவதிலேயே அவருக்குப் பொழுது சரியாக இருக்கும்.

திங்கட்கிழமை காலையில் வானொலியில் மணி அடித்ததும் எனக்கு போன் வரும்.

"தம்பி, உன் மெஷின் ரெண்டு நிமிஷம் பின்னால ஓடுது. ரேடியோல இப்பதான் பீப் பீப்னு அடிச்சான்."

"ரெண்டு நிமிஷத்துல என்னக்கா ஆயிடும்?"

"ரெண்டு நிமிஷத்துல பஸ் போயிடும் லா. எனக்குத் தெரியாதா? மாத்து, மாத்து. எடை மேடைக்காரனோடதையும் சேர்த்து மாத்து."

இரண்டு இயந்திரங்களின் கடிகாரத்தையும் சரி செய்வேன். வாரம் தவறாமல் நடந்தது இது.

கூண்டுக்குள் அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு நாள்காட்டி தொங்கியது. கிள்ளானில் ஒரு நகைக்கடை கொடுத்தது, தினம் ஒரு தாளாகக் கிழிப்பது. தேதிக்குக் கீழே நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம் எல்லாம் இருக்கும். ஒருமுறை அதை வைத்து அவரிடம் வாயைக் கொடுத்தேன். எண்பத்திரண்டாம் ஆண்டு பிறந்தபோது இந்தத் தீபகற்பத்தின் கடிகாரங்களை அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தார்கள். சூரியன் பழையபடியேதான் உதித்தது. ராகு காலமோ சூரிய உதயத்திலிருந்து கணக்கிடுவது. அப்படியானால் காலண்டரில் அச்சடிக்கிற நேரமும் நகர்ந்திருக்க வேண்டும். நகரவேயில்லை.

"அப்ப திங்கக்கிழமை ஏழரைக்கு ராகு காலம் இல்லேங்கிறியா?" என்றார் அக்கா.

"கணக்குப்படி இன்னும் தள்ளித்தான்க்கா வரணும்."

"ராகுவுக்கு உன் கணக்கு தெரியுமா? அவனும் காலண்டரைப் பார்த்துத்தான் வரான். போய் வேலையைப் பாரு லா."

கூண்டுக்கு வெளியே காகிதத்தோடு நின்றிருந்த டிரைவர்கள் சிரித்தார்கள். அவர்கள் ஏன் அப்படி மனம் நிறைந்து சிரித்தார்கள் என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

பிறகு ஒரு கொள்கலன் காணாமல் போனது. கப்பலிலிருந்து இறங்கியதாகக் காகிதம் சொன்னது. கிடங்கின் எந்த வரிசையிலும் அது இல்லை. தலைமையகத்திலிருந்து ஒருவர் வந்து நின்று, அடுக்கு அடுக்காக இறக்கித் தேடச் செய்தார். கிடைக்கவில்லை. அப்போது யாரோ ஒருவர், அந்த வாரச் செவ்வாய்க்கிழமை ஒரு லோரியின் வெளியேறும் சீட்டையும் எடைச் சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டார். பந்திங் என்ற ஊரிலிருந்து வருகிற லோரி. மூன்று மணிக்குச் சற்று முன்பு வெளியே போய்விட்டது என்றது வாசல் சீட்டு. அதே லோரி மூன்றரைக்கு உள்ளே எடை மேடையில் நின்றது என்றது எடைச் சீட்டு.

வெளியே போன லோரி எப்படி உள்ளே நிறுக்கப்பட்டது? தலைமையகத்துக்காரர் ஒரே பதில்தான் கண்டார்: முதலில் காணாமல் போன கொள்கலன் பெட்டியை நிறுக்காமல் வெளியே கொண்டுபோயிருக்கிறான், பிறகு பதிவில்லாமல் உள்ளே வந்து தன்னுடைய பெட்டியை முறையாக நிறுத்து எடுத்துப் போயிருக்கிறான். வாசலில் இருப்பவர் துணையில்லாமல் இது நடக்காது. வாசலில் இருந்தவர் அக்கா.

அன்றைக்கே அவரைக் கூண்டிலிருந்து எழுப்பிவிட்டார்கள். விசாரணை முடியும்வரை பழைய காகிதங்கள் அடுக்கியிருந்த அறையில் உட்காரச் சொன்னார்கள். அந்த அறை என் கணினி அறைக்கு எதிரில். நடுவில் நடைபாதை, இரண்டு பக்கமும் கண்ணாடி. அவர் போகும்போது கூண்டிலிருந்து நாள்காட்டியைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனார். அங்கே ஆணி இல்லாததால் நாற்காலியின் முதுகில் மாட்டினார்.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். நம்மாள்தான், செந்தூலில் பிறந்து வளர்ந்தவர்.

"அந்த லோரியோட வரியை ரெண்டு லாக்லேர்ந்தும் எடு. பக்கத்துல பக்கத்துல போட்டுக் காட்டு. எச்.கியூ. கேக்குறான்."

"அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டா..."

"கேக்கக் கூடாது. லாக் பார்த்து முடிக்கிறவரைக்கும் அவங்ககிட்ட யாரும் பேசக் கூடாதுன்னு உத்தரவு. மெஷின் சொல்றதை மட்டும் கொண்டு வா."

மெஷின் எதுவும் சொல்வதில்லை. கேட்டதைக் கொட்டும், அவ்வளவுதான். கிரெப் என்று ஒரு கட்டளை. லோரி எண்ணைக் கொடுத்தால், அந்த எண் இருக்கிற வரிகளை மட்டும் ஆயிரக்கணக்கான வரிகளிலிருந்து பொறுக்கித் தரும். ஆக் என்று இன்னொன்று. வரியில் நாலாவது சொல் வேண்டும் என்றால் அதை மட்டும் உருவிக் கொடுக்கும். ஒன்றின் வாயிலிருந்து விழுவதை மற்றதின் வாயில் ஊற்றலாம். அப்படி ஊற்றி, இரண்டு நேரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினேன். சீட்டில் இருந்ததுதான் லாக்கிலும் இருந்தது. வெளியேறியது முதலில், எடை பிறகு.

எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. இரண்டு இயந்திரங்கள், இரண்டு கடிகாரங்கள். எடை மேடைக் கடிகாரம் அன்றைக்கு முன்னால் ஓடியிருந்தால் போதும், அக்கா தப்பித்துவிடுவார். அதைச் சோதிக்க ஒரு வழியும் உண்டு. லோரி உள்ளே வரும்போது வாசலில் பதிந்த உடனே, வெறும் வண்டியாக ஒருமுறை மேடையில் ஏறும். வாசலுக்கும் மேடைக்கும் ஒரு சில நிமிடம்தான். உள்ளே வருகிற நேரங்களை இரண்டு லாக்கிலிருந்தும் எடுத்துக் கழித்துப் பார்த்தால், கடிகாரங்கள் பிசகியிருந்தால் தெரிந்துவிடும்.

கழித்துப் பார்த்தேன். அந்தச் செவ்வாய்க்கிழமை முழுக்க, ஒவ்வொரு லோரிக்கும், அதே சில நிமிடங்கள். அதற்கு முந்தைய வாரமும் அப்படியே. இரண்டு கடிகாரங்களும் அண்ணன் தம்பி போல ஒன்றாகவே நடந்திருந்தன. நடக்காமல் எப்படி இருக்கும்? ஒவ்வொரு திங்கட்கிழமையும் வானொலியைக் கேட்டு அவற்றைச் சரி செய்ய வைத்தவர் கண்ணாடிக்கு அப்பால் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் பார்ப்பதைப் பார்த்து, சாப்பிட்டாயா என்று கையால் கேட்டார். தலையை ஆட்டினேன். சாப்பிட்டிருக்கவில்லை.

மறுநாள் மேனேஜர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"இந்த ஒரு லோரி மட்டுந்தானா, இல்ல வேற ஏதும் இருக்கான்னு கேக்குறான். எல்லா லோரிக்கும் ஓட்டு."

"எல்லா லோரிக்கும்னா, எவ்வளவு நாளைக்கு சார்?"

"உன்கிட்ட எவ்வளவு இருக்கு?"

என்னிடம் எல்லாம் இருந்தது.

நாடாக்களிலிருந்து பழைய லாக்குகளை இறக்கினேன். கொள்கலன் எண்ணை முடிச்சாக வைத்து இரண்டு லாக்கையும் இணைத்தேன். ஒரு பெட்டி ஒருமுறைதானே வெளியே போகும். பிறகு, வெளியேறிய நேரம் எடை நேரத்தைவிடச் சிறியதாக இருக்கிற வரிகளை மட்டும் காட்டு என்றேன். திரையில் வரிகள் ஓடத் தொடங்கின. ஓடிக்கொண்டே இருந்தன. மேனேஜர், "டேய், என்னடா இது" என்றார். நான் பயந்து, பிறகு உற்றுப் பார்த்து, வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

"தப்பு சார், தப்பு. அக்கா லீவு எடுத்த நாளும் சேர்ந்து வருது பாருங்க. மெஷின் நேரத்தை எழுத்தா எடுத்துக்கிச்சு."

எடை மேடை இயந்திரம் ஒன்பது மணியை ஒற்றை இலக்கத்தில் எழுதும். முன்னால் சுழியம் போடாது. எழுத்தாகப் பார்க்கும்போது கணினி முதல் எழுத்தைத்தான் ஒப்பிடும். 9:50இன் முதல் எழுத்து ஒன்பது, 10:05இன் முதல் எழுத்து ஒன்று. ஆகவே ஒன்பது ஐம்பதுக்கு நிறுத்துப் பத்து ஐந்துக்கு முறையாக வெளியே போன லோரிகூடக் குற்றவாளிப் பட்டியலில் வந்துவிட்டது. அந்த ஒரு கணம் எனக்கு ஏற்பட்ட நிம்மதியைச் சொல்ல முடியாது. எல்லாமே இப்படி ஒரு மடத்தனமாக முடிந்துவிடும் என்று தோன்றியது.

மணியையும் நிமிடத்தையும் பிரித்து, மணியை அறுபதால் பெருக்கி நிமிடத்தோடு கூட்டி, எண்ணோடு எண்ணாக ஒப்பிடும்படி கட்டளையைத் திருத்தினேன். மறுபடி ஓட்டினேன். வரிகள் குறைந்தன. அக்கா இல்லாத நாட்கள் மறைந்துவிட்டன. ஆனால் பட்டியல் காலியாகவில்லை. திரையைத் தாண்டி, இன்னொரு திரையையும் தாண்டி நின்றது. எல்லாம் பகல் ஷிப்ட். எல்லாம் அக்காவின் வேலை நாட்கள்.

மேனேஜர் நிமிர்ந்து நின்றார். "பிரிண்ட் எடு" என்றார். எடுத்துக்கொண்டு போனார். இன்னொரு பிரதியை நான் வைத்துக்கொண்டேன்.

பழைய கல்வெட்டுகளைப் படிக்கிறவர்கள் தேதியைச் சரிபார்க்கும் முறை எனக்கு எப்போதும் பிடிக்கும். அரசனின் ஆண்டு, நட்சத்திரம், கிழமை மூன்றும் கல்லில் இருக்கும். மூன்றும் ஒத்து வருகிற நாள் எது என்று தேடுவார்கள். ஒத்து வரவில்லையென்றால் வெட்டியவன் எங்கே தவறினான் என்று யோசிப்பார்கள். லாக்கில் தேதி இருந்தது, கிழமை இல்லை. ஒவ்வொரு தேதிக்கும் பக்கத்தில் கிழமையை எழுதிக்கொண்டு போனேன். வேறு ஏதும் செய்யத் தோன்றாமல் செய்தது அது.

பாதிப் பக்கத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை வரிகள் எல்லாம் மூன்று மணிக்குச் சற்று முன்பு. வெள்ளிக்கிழமை வரிகள் பத்தரைக்குச் சற்று முன்பு. சனிக்கிழமை ஒன்பதுக்கு முன்பு, புதன்கிழமை பன்னிரண்டுக்கு முன்பு. நம் வீடுகளில் எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளைக்கும் இந்த அட்டவணை தெரியும். ராகு காலம் தொடங்குவதற்கு முன்னால் இந்த லோரிகள் எல்லாம் வெளியே போயிருந்தன, லாக்கில் மட்டும்.

லாக் பார்த்து முடித்தாகிவிட்டது. பேசக் கூடாது என்ற உத்தரவும் அதோடு முடிந்தது என்று எடுத்துக்கொண்டேன். நடைபாதையைத் தாண்டி அக்காவிடம் போனேன். பந்திங் லோரிக்காரரும் அங்கே நின்றிருந்தார். வாக்குமூலம் கொடுக்க வரச் சொல்லியிருந்தார்கள். ஆறடி உயரம். அந்தக் காகித அடுக்குகளுக்கு நடுவே எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றார்.

நான் தாளை நீட்டினேன். அக்கா கிழமைகளைப் பார்த்தார்.

"கண்டுபிடிச்சிட்டியா" என்றார்.

"என்னக்கா செஞ்சீங்க?"

"என்னத்தைச் செஞ்சேன்? பரஸ்தானம்தான். உங்க வீட்டுல வைக்கிறதில்லையா? ஊருக்குப் போற நேரம் சரியில்லேன்னா, நல்ல நேரத்துல பெட்டியைக் கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டுல வெப்போம். பெட்டி போச்சுன்னா ஆளும் கிளம்பின மாதிரி. அப்புறம் எப்ப வேணா போய்க்கலாம்."

"லோரிக்கா?"

"லோரிய எங்க கொண்டுபோய் வெக்கிறது?" என்றார் பந்திங் லோரிக்காரர். "அதான் அங்கிள், சீட்டு. உள்ள லோரில இன்னும் பெட்டி ஏத்திக்கிட்டு இருப்பாங்க. நான் ஓடி வந்து அக்கா, மூணு ஆகப் போவுதுன்னு கத்துவேன். அக்கா அடிச்சுக் குடுத்துடும். சீட்டு சட்டைப் பையில வந்துடுச்சுன்னா நான் வெளிய போயிட்டேன்னு அர்த்தம். அப்புறம் மெதுவா நிறுத்துக்கிட்டுப் போவேன்."

"நீ ஒருத்தன் மட்டுமா?"

"நம்மாளுங்க எல்லாரும். சீன அங்கிள் ஒருத்தரும் பழகிக்கிட்டாரு. ஒரு தடவை இப்படிச் செய்யாம போயி டயர் வெடிச்சுச்சாம்."

அக்கா அவரை முறைத்தார். "சிரிக்காதடா. உன்னாலதான் இங்க உக்காந்திருக்கேன்." பிறகு என்னிடம், குரலை இறக்கி, "ரோட்டுல போற பிள்ளைங்க தம்பி. ஒன்றரை மணி நேரம் நிறுத்தி வெச்சா முதலாளி திட்டுவான், அனுப்பிச்சா அதுங்களுக்கு மனசு சரியில்ல. மனசு சரியில்லாம அந்த ரோட்டுல ஓட்டலாமா? நாலு எழுத்து அடிக்கிறதுல என்ன குறைஞ்சு போச்சுன்னு நினைச்சேன்" என்றார்.

"அவ்வளவு சரியா கடிகாரத்தை வெக்கச் சொன்னீங்களேக்கா."

"சரியா இல்லேன்னா ராகு காலம் எப்ப வருதுன்னு எப்படித் தெரியும்?"

நான் உற்சாகமாகத்தான் திரும்பினேன். காரணம் கிடைத்துவிட்டது. இந்தத் தாளைக் கொண்டுபோய்க் கிழமைவாரியாகக் காட்டினால், இது திருட்டு இல்லை என்று எந்த மனிதனுக்கும் புரியும். ஒரு நாள் ஒரு லோரி என்றால் சந்தேகம். இத்தனை நாள் இத்தனை பேர், அதுவும் இப்படி ஓர் ஒழுங்கில் என்றால் அது வழக்கம். வழக்கத்தை யார் தண்டிப்பார்கள்?

மேனேஜர் தாளை முழுக்கப் படித்தார். கிழமைகளைப் பார்த்தபோது அவர் உதடு லேசாகத் துடித்தது.

"புதுக் கார் எடுத்தப்போ ஒன்றரை மணி நேரம் ஷோரூம்ல உக்காந்திருந்தேன்டா. சேல்ஸ்மேன் மூணு தடவை கோப்பி குடுத்தான்."

"அப்ப உங்களுக்குப் புரியுது சார்."

"எனக்குப் புரிஞ்சு என்ன ஆகப் போவுது? ராகு காலத்தை இங்கிலீஷ்ல எப்படி எழுதுவே? பாம்பு சூரியனை முழுங்குற நேரம்னு எழுதவா? எச்.கியூ.ல சிரிப்பான். சிரிச்சிட்டு அடுத்த கேள்வி கேப்பான்: அப்ப இத்தனை தடவை பொய் நேரம் அடிச்சிருக்காங்களான்னு."

"பொய் இல்ல சார். பரஸ்தானம்."

"அதையும் இங்கிலீஷ்ல சொல்லு."

வீட்டில் என் அலமாரியில் மூன்று அகராதிகள் இருந்தன; ஒன்றும் கைகொடுக்கவில்லை.

அவர் முயற்சி செய்யாமல் இல்லை. இரண்டு பக்கம் எழுதினார். நானும் உட்கார்ந்து திருத்தினேன். சமய நம்பிக்கை என்றோம், வழக்கம் என்றோம், கெட்ட எண்ணம் இல்லை என்றோம். எழுத எழுத, ஒவ்வொரு வரியும் அக்கா அதைச் செய்தார் என்பதைத்தான் இன்னும் உறுதியாகச் சொல்லிக்கொண்டு போனது. கூடவே என் பட்டியல் பின்னால் குத்தப்பட்டிருந்தது. முதலில் அவர்களிடம் இருந்தது ஒரு சீட்டு. இப்போது பக்கம் பக்கமாக இருந்தது, சுத்தமாக வரிசைப்படுத்தி.

இரண்டு வாரம் போல ஒன்றும் நடக்கவில்லை. அக்கா தினமும் வந்தார், அந்த அறையில் உட்கார்ந்தார், நாள்காட்டியில் தாளைக் கிழித்தார், சாயங்காலம் போனார். மதியம் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்து பாதியை என் மேசைக்கு அனுப்புவார்.

பிறகு ஒரு புதன்கிழமை காலை மேனேஜர் என் அறைக்குள் ஓடிவந்தார். அவர் ஓடி நான் பார்த்ததில்லை. காணாமல் போன பெட்டி இங்கே வரவேயில்லை. அனுப்பிய துறைமுகத்தில் கப்பலில் ஏற்றாமலேயே விட்டிருந்தார்கள். காகிதத்தில் மட்டும் ஏறி, காகிதத்தில் மட்டும் இறங்கியிருந்தது. அங்கேயே ஒரு மூலையில் இருப்பதாக ஃபேக்ஸ் வந்திருந்தது.

நான் கண்ணாடியைத் தட்டி அக்காவைக் கூப்பிட்டேன். சொன்னதும் அவர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கடவுளே. அப்ப நாளைக்குக் கூண்டுக்குப் போகலாமா?"

"போகலாம்க்கா. பின்னே என்ன?"

மேனேஜர் எனக்குப் பின்னால் நின்றிருந்தார். அவர் அக்காவைப் பார்க்காமல் ஃபேக்ஸ் தாளை மடித்துக்கொண்டிருந்ததை நான் சற்றுத் தாமதமாகத்தான் கவனித்தேன்.

மத்தியானம் தலைமையகத்தோடு பேசிவிட்டு வந்தார். பெட்டி விவகாரம் மூடப்பட்டது. அதற்காக அக்காமீது எந்தப் புகாரும் இல்லை. ஆனால் அதைத் தேடும்போது தெரியவந்த இன்னொன்று தனியாக நிற்கிறது: பதிவேட்டில் தொடர்ந்து உண்மையில்லாத நேரத்தைப் பதிந்தது. அதற்குப் பெட்டி வேண்டாம், லோரி வேண்டாம். என் பட்டியல் போதும்.

விசாரணையில் அவரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்களாம். லோரி வெளியே போவதற்கு முன்பே, போய்விட்டதாகப் பதிந்தீர்களா? ஆமாம் என்றார். ஏன் என்று கேட்கவில்லை. அவராகச் சொல்லத் தொடங்கியபோது, கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னால் போதும் என்றார்களாம். பந்திங் லோரிக்காரர் தான் கேட்டுத்தான் அக்கா செய்தார் என்று சொல்ல வெளியே காத்திருந்தார். அவரைக் கூப்பிடவேயில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை. காலையில் மேனேஜர் என்னிடம் வந்தார். கண்ணைப் பார்க்கவில்லை.

"பதினொரு மணிக்கு அவங்களுக்கு டிஸ்மிஸ் லெட்டர். எச்.கியூ.லேர்ந்து ஆள் வரான். கையோட கேட்டுக்கு வெளியே கொண்டுபோய் விடணுமாம்."

"சார், இன்னைக்கு வெள்ளிக்கிழமை."

"எனக்குத் தெரியாதா? பத்தரைக்கு முன்னால குடுத்துடலாமான்னு கேட்டேன். ஏன்னு கேட்டான். நான் என்னத்தைச் சொல்ல?" கதவுவரை போய்த் திரும்பி, "நீ போய் அவங்ககிட்ட சொல்லிடு. நான் சொன்னேன்னு சொல்லாதே" என்றார்.

சொன்னேன். அக்கா அழவில்லை. நாற்காலி முதுகில் தொங்கிய நாள்காட்டியைத் திரும்பிப் பார்த்தார், பிறகு என் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சாப்பாட்டுப் பாத்திரம், குடை, ஒரு கம்பளிச் சட்டை, நாள்காட்டி எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டார்.

"இதைக் கொண்டுபோய் எதிர்ல தே தாரிக் கடையில வெச்சிடு தம்பி. பத்தரைக்கு முன்னால."

நான் பையைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டினேன். கூண்டில் புதிதாக உட்கார்ந்திருந்தவர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவருக்கு லோரிகள் மட்டும்தான் கணக்கு. சாலையைக் கடந்து தேநீர்க் கடையின் மேசையில் பையை வைத்தேன். கடைக்காரர், "யாரோடது?" என்றார். "அக்காவோடது. வருவாங்க" என்றேன். நேரத்தைப் பார்த்தேன். பத்தரை ஆகியிருக்கவில்லை.

பதினொரு மணிக்குமேல் அக்கா வெறுங்கையோடு நடந்து வந்தார், பக்கத்தில் தலைமையகத்து ஆள். மேனேஜர் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார். பந்திங் லோரி பெட்டி ஏற்றி, நிறுத்து, வாசலுக்கு உள்ளே ஓரமாக நின்றது. புதியவர் முன்கூட்டிச் சீட்டு அடித்துத் தருவதில்லை. இப்போதெல்லாம் டிரைவர்கள் ராகு காலம் முடியும்வரை நின்றுவிட்டுத்தான் போனார்கள். அக்காவைப் பார்த்ததும் பந்திங் லோரிக்காரர் இன்ஜினைக் கிளப்பி, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"அக்கா, ஏறுங்க. கிள்ளான்ல விட்டுடறேன்."

"மணி என்னன்னு தெரியுமாடா உனக்கு?"

"தெரியும்க்கா. பரவாயில்ல, ஏறுங்க."

"இறங்கு கீழே. நான் அப்பவே கிளம்பியாச்சு. நீ இன்னும் கிளம்பல. பன்னெண்டுக்கு மேல எடு, நான் அந்தக் கடையில இருக்கேன்."

அவர் இன்ஜினை அணைத்தார். அக்கா சாலையைக் கடந்து, தன் பை இருந்த மேசைக்குப் போய் உட்கார்ந்தார். நான் கணினி அறைக்குத் திரும்பி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கடைக்காரர் தேநீர் வைத்துவிட்டுப் போனார். அக்கா அதைத் தொடவில்லை. வெயில் ஏற ஏற நாற்காலியை நிழலுக்குள் இழுத்துக்கொண்டார். கிடங்கு வேலைகள் வழக்கம்போல நடந்தன.

பன்னிரண்டு மணிக்குப் பிறகு லோரி வாசலைத் தாண்டியது. சாலைக்கு அந்தப் பக்கம் நின்றது. பிறகு கிள்ளான் பக்கம் போனது.

சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்புமுன் அந்த லோரி எண்ணைக் கொடுத்து இரண்டு லாக்கிலும் தேடினேன். எடை முதலில், வெளியேறியது பிறகு. ஒப்பிட்டுப் பார்க்கிற கட்டளை அந்த வரியில் ஒரு பிழையும் காணாமல், எதையும் காட்டாமல், திரையை வெறுமையாக விட்டது.